பதில் ஆள்

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அண்டை வீட்டுப் பெண் நம்மைத் தேடி வந்தாள். மதுரைப் பக்கத்துப் பெண். பெங்களூருக்கு வந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. ஒயிட்பீல்டில் உள்ள கணினி நிறுவனம் ஒன்றில் அண்மையில் புதிய பணியில் அமர்ந்திருந்தாள். வந்தவள் முகத்தில் சிரிப்பும் இருந்தது, சிறிது வருத்தமும் இருந்தது.

"மாமா, எனக்கு ஒரு சொல் வேண்டும். ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் கேட்கிறார், 'நீ இப்போது என்ன உத்தியோகம் பார்க்கிறாய்?' என்று. என் அலுவலகத்தில் ஒரு பெண் பிள்ளைப்பேற்று விடுமுறையில் போயிருக்கிறார். அவர் திரும்பி வரும்வரை அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இதை ஆங்கிலத்தில் 'மெட்டர்னிட்டி கவர்' என்கிறார்கள். பாட்டியிடம் 'கவர்' என்று சொன்னேன். 'கடையில் சாமான் போட்டுக் கொடுப்பார்களே, அதுவா?' என்று கேட்டுவிட்டார்!"

நாம் வாய்விட்டுச் சிரித்தோம். ஆனால் அவள் போன பிறகு சிரிப்பு நிலைக்கவில்லை. பாட்டியின் கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. கடைக்காரர் கொடுக்கும் கவரைச் சாமானை எடுத்துக்கொண்டபின் நாம் என்ன செய்கிறோம்? கசக்கி எறிந்துவிடுகிறோம். அந்தப் பெண்ணின் மனத்தில் இருந்த வருத்தமும் அதுதானோ என்று தோன்றிற்று. மகப்பேற்று விடுமுறையைப் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தி 2017ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. தாய்மார்களுக்கு அது பெரும் நன்மை. ஆனால் அந்த 26 வாரமும் யாரேனும் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்து வேலையைச் செய்தாக வேண்டுமல்லவா? அந்த ஒருவருக்கு என்ன பெயர்?

அன்றிரவு நாம் அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். பிறருக்குப் பதிலாகச் சில காலம் வேலை பார்ப்பவருக்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் பெயர்கள் ஒன்றிரண்டல்ல. மருத்துவர் விடுமுறையில் சென்றால் அவர் இடத்துக்கு வருபவர் 'லோக்கம்'. ஆசிரியர் வராவிட்டால் வகுப்புக்கு வருபவரை இங்கிலாந்தில் 'சப்ளை டீச்சர்' என்றும் அமெரிக்காவில் 'சப்ஸ்டிட்யூட் டீச்சர்' என்றும் அழைக்கிறார்கள். அலுவலகத்துக்குச் சில வாரங்களுக்கு மட்டும் வரும் எழுத்தர் 'டெம்ப்'. நாடக மேடையில் தலைமை நடிகர் நோயுற்றால் ஏறி நடிப்பதற்கென்று முன்கூட்டியே வசனத்தை நெட்டுருப் பண்ணி வைத்திருப்பவர் 'அண்டர்ஸ்டடி'. கூட்டத்துக்கு வர இயலாதவரின் வாக்கை அவர் சார்பில் அளிப்பவர் 'பிராக்ஸி'. தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்யும்போது அவர்கள் இடத்தில் நுழைந்து வேலை செய்பவருக்கோ வசைப் பெயர்களே உண்டு. 'பிளாக்லெக்' என்பார்கள், அதாவது கருங்கால். 'ஸ்காப்' என்பார்கள், அதாவது புண்ணின் மேல் படரும் பொருக்கு.

இச்சொற்களின் வேரைத் தோண்டிப் பார்த்தால் வியப்பு இன்னும் பெருகுகிறது. 'லோக்கம்' என்பது 'லோக்கம் டெனென்ஸ்' என்ற இலத்தீன் தொடரின் சுருக்கம். அதன் பொருள் 'இடத்தைப் பிடித்திருப்பவர்' என்பது. முதலில் பாதிரிமார்களுக்கு வழங்கிய இத்தொடர் பின்னரே மருத்துவர்களுக்கு வந்தது. படையில் 'லெப்டினன்ட்' என்கிறோமே, அதுவும் பிரெஞ்சு மொழியில் அதே பொருளுடையதுதான். 'லியூ' என்றால் இடம், 'தெனான்' என்றால் பிடித்திருப்பவர். 'விகார்' என்னும் பாதிரியார் பெயரும், நம்மை ஆண்ட 'வைஸ்ராய்' பெயரின் முன்பகுதியும், 'வைஸ் பிரசிடென்ட்' என்பதன் முன்பகுதியும் 'ஒருவருக்குப் பதிலாக' என்னும் பொருள்தரும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. ஆகவே, இந்த நாட்டையே ஆட்டிவைத்த வைஸ்ராய், சொல்லளவில் அரசருக்குப் பதில் ஆள்தான்!

ஆனால் பாருங்கள், செயல் ஒன்றாயிருந்தும் மேலே இருப்பவருக்கு ஒரு சொல்லும் கீழே இருப்பவருக்கு வேறொரு சொல்லும் வழங்குகின்றன. 1964ஆம் ஆண்டு மே மாதத்தில் நேரு மறைந்தபோதும், 1966ஆம் ஆண்டு ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி மறைந்தபோதும், குல்சாரிலால் நந்தா ஒவ்வொரு முறையும் 13 நாள் பிரதமர் பொறுப்பை ஏற்றிருந்தார். 1969ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜாகிர் உசேன் மறைந்ததும் வி. வி. கிரி குடியரசுத் தலைவர் பொறுப்பை ஏற்றார். தேர்தலில் நிற்பதற்காக அவர் விலகியபோது, தலைமை நீதிபதி இதயத்துல்லா அந்தப் பொறுப்பைச் சில வாரங்கள் வகித்தார். 1977ஆம் ஆண்டில் பக்ருதீன் அலி அகமது மறைந்தபோது, முன்னாளில் இந்த மைசூர் இராச்சியத்தின் முதலமைச்சராயிருந்த பி. டி. ஜத்தி ஐந்து மாதத்துக்கு மேல் குடியரசுத் தலைவராகச் செயலாற்றினார். தமிழகத்தில் அறிஞர் அண்ணா 1969இலும், எம்.ஜி.ஆர். 1987இலும் மறைந்தபோது, இரு முறையும் நாவலர் நெடுஞ்செழியன் இடைக்கால முதலமைச்சராயிருந்தார். இவர்களை யாரேனும் 'டெம்ப்' என்று சொன்னதுண்டா? இவர்களுக்கு 'ஆக்டிங்' என்ற சொல் காத்திருந்தது.

அந்த 'ஆக்டிங்' என்னும் சொல்லின் சுவையை நாமும் ஒரு முறை அனுபவித்திருக்கிறோம். நாம் ஆசிரியராயிருந்த பள்ளியில் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். புதியவர் வரும்வரை நான்கு மாதம் அப்பொறுப்பு நமக்கு வந்தது. அறைக்கதவில் 'ஆக்டிங் ஹெட்மாஸ்டர்' என்று எழுதி ஒட்டினார்கள். மறுநாள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் தோழனிடம், "நம்ம சார் எந்தச் சினிமாவில் ஆக்டிங்?" என்று கேட்டது நம் செவியில் விழுந்தது. நாம் கோபம் கொள்ளவில்லை. அந்த நான்கு மாதத்தில் நாம் தீர்மானித்த காரியங்கள் யாவற்றையும் 'புதியவர் வந்து பார்த்துக்கொள்வார்' என்று மற்றவர்கள் ஒதுக்கி வைத்தபோது, பையன் சொன்னது பிழையல்ல என்றே பட்டது.

இந்தக் கன்னட நாட்டிலும் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. கூடுதலாக ஒரு பொறுப்பைப் பார்ப்பவருக்குப் 'பிரபார' என்ற அடைமொழி தருகிறார்கள். தற்காலிகமாக அமர்ந்தவர் 'ஹங்காமி'. ஒருவருக்கு மாற்றாக வருபவர் 'பதலி'. நமது செய்தித்தாள்கள் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று ஒரு சொல்லைப் போட்டுவிடுகின்றன. இலங்கைத் தமிழர்களோ மிக எளிதாக, 'பதில் நீதவான்', 'பதில் அமைச்சர்' என்று எழுதுகிறார்கள். 2022ஆம் ஆண்டு ஜூலையில் ரணில் விக்கிரமசிங்க சில நாள் அப்பொறுப்பை ஏற்றபோது, அவர்களுடைய தாள்களில் அவர் 'பதில் ஜனாதிபதி'.

'பதில்' என்னும் இச்சொல் அரபு மொழியின் 'பதல்' என்பதிலிருந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. மாற்று என்பதே அதன் மூலப்பொருள். வினாவுக்கு மாற்றாக வருவது விடையாதலால் விடைக்கும் அதுவே பெயராயிற்று. அதே வேரில் முளைத்த மற்றொரு சொல்தான் ஆலைத் தொழிலாளர் நாவில் வழங்கிய 'பதிலி'. வட நாட்டில் 'பத்லி'. அந்தச் சொல்லை எழுதும்போது நமது கை சிறிது தயங்குகிறது. ஏனெனில் நமது இளமையில் வீட்டில் தினந்தோறும் ஒலித்த சொல் அது.

இன்று பெங்களூருக்கு வரும் இளைஞர்கள், இது கணினியினால் வளர்ந்த நகரம் என்றே எண்ணுகிறார்கள். அதற்கு முன்னரே இது பஞ்சாலை நகரம். 1884ஆம் ஆண்டில் தோன்றிப் பின்னர் பின்னி நிறுவனத்தின் ஆட்சிக்கு வந்த கம்பளி, பஞ்சு, பட்டு ஆலையின் பெயரால்தான் பின்னிப்பேட்டை விளங்குகிறது. மினர்வா ஆலை, மகாராஜா ஆலை என்று வேறு ஆலைகளும் இருந்தன. ஆலைச் சங்குதான் அப்பகுதிகளுக்குக் கடிகாரம். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்கள் பலர் ஸ்ரீராமபுரத்திலும் காட்டன்பேட்டையிலும் குடியேறி அந்த ஆலைகளை நம்பி வாழ்ந்தார்கள். ஆலை நின்ற இடங்களில் இன்று அடுக்குமாடி வீடுகளும் அங்காடிகளும் நிற்கின்றன.

ஆலைகளில் 'பதிலி' முறை எங்ஙனம் நடந்தது என்பதை இளையவர் அறிந்திருக்க மாட்டார்கள். நிரந்தரத் தொழிலாளி ஒருவர் நோயினாலோ ஊருக்குப் போவதனாலோ வராவிட்டால், அவருடைய தறியை நிறுத்தி வைக்க ஆலை இசையாது. ஆகவே விடியற்காலையில் வாயிலில் பலர் காத்து நிற்பார்கள். எந்த இடம் காலியோ அந்த இடத்துக்கு ஒருவரை மேஸ்திரி அழைப்பார். இதில் மேஸ்திரியின் தயவு பெறக் கையூட்டு நடந்ததை 1931ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணைக்குழுவின் அறிக்கையே எடுத்துரைத்தது. அதன்பின் 1935இல் பம்பாய் ஆலைகள், பதிலிகளுக்கு அட்டை வழங்கி அவர்களையே முறையாக அழைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி விதிகள், தொழிலாளர்களை நிரந்தரம், தற்காலிகம் என்றெல்லாம் வகுத்தபோது, 'பத்லி' என்னும் சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டன. இத்தனை சொற்களை வைத்திருந்த ஆங்கிலம், நம் நாட்டு ஆலை வாயிலில் நின்றவனுக்கு நம்மிடமே ஒரு சொல்லைக் கடன் வாங்கிற்று!

1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் சேர்த்த பகுதி, பதிலி ஓராண்டு தொடர்ச்சியாக வேலை செய்து முடித்துவிட்டால், வேலையின்றி நிறுத்தப்படும் நாள்களுக்குரிய இழப்பீட்டைப் பொறுத்தவரை அவனைப் பதிலி என்று கருதலாகாது என்று கூறிற்று. ரயில்வேயிலும் 'சப்ஸ்டிட்யூட்' என்று ஒரு வகுப்பு உண்டு. தொடர்ந்து நான்கு மாதம் பணி செய்தால் அவர்களுக்குத் தற்காலிக ஊழியர் தகுதி கிடைக்கும். ரயில்வேப் பள்ளி ஆசிரியராயின் மூன்று மாதமே போதும். சட்டத்தின் உள்ளம் நல்லதே. பிறர் இடத்தில் நெடுநாள் நின்றவனுக்குத் தனக்கென்றும் ஓர் இடம் வேண்டும் என்பதை அது உணர்ந்திருந்தது.

நம்முடைய தந்தையார் ஒரு பஞ்சாலையில் பதிலியாயிருந்தார். எந்த ஆலை என்பது ஈண்டு வேண்டுவதில்லை. வேலை கிடைத்த நாளில் மாலையில்தான் வீடு திரும்புவார். கிடைக்காத நாளில் காலை எட்டு மணிக்குள் தெருமுனையில் அவருடைய செருப்போசை கேட்கும். அந்த ஓசை கேட்டதும் தாயார் ஒன்றும் பேசமாட்டார். உலைக்கு அளந்து வைத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் திரும்பவும் பானையில் போடுவார். அவ்வளவுதான்.

1958ஆம் ஆண்டு என்று நினைவு. நமக்கு எட்டு வயது. நெசவுப் பகுதியில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அவர் தறிக்குத் தந்தையார் போனார். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, ஒரு மாதமும் ஆயிற்று. தினந்தோறும் வேலை. வீட்டில் தீபாவளிக்கு முன்னரே ஒரு புதுச்சட்டை வந்தது. நாம் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பிள்ளையார் கோயில். தினமும் அங்கு நின்று நாம் ஒரு வேண்டுதல் செய்தோம். "அந்தத் தறிக்காரருக்கு இன்னும் கொஞ்ச நாள் உடம்பு சரியாகாமல் இருக்கட்டும் சாமி" என்பதே அது. இதில் பிழை இருப்பதாக நமக்குத் தோன்றவே இல்லை. ஒரு நாள் இரவு, பெரிய சாதனை செய்தவரைப் போலத் தாயாரிடம் இதைக் கூறினோம். திண்ணையில் படுத்திருந்த தந்தையார் எழுந்து உட்கார்ந்தார்.

அவர் நம்மை அடிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தூக்கில் மோரும், ஒரு கட்டுக் கீழாநெல்லியும் எடுத்துக்கொண்டு, நம் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். அந்தத் தறிக்காரர் வீடு நான்கு தெரு தள்ளியிருந்தது. பாயில் படுத்திருந்தார். கண்கள் மஞ்சள். நம் தந்தையாரைக் கண்டதும் அவர் கேட்ட முதற்கேள்வி, "தறி எப்படி இருக்கிறது தம்பி? இடக்கைப் பக்கத்தில் பாவு நூல் அடிக்கடி அறும். பார்த்துக்கொள்" என்பதுதான். தந்தையார், "பார்த்துக்கொள்கிறேன் அண்ணா. நீங்கள் வரும்போது எப்படி விட்டுப் போனீர்களோ அப்படியே இருக்கும்" என்றார். சுவரோரத்தில் ஒரு பையன் சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். நம் பள்ளிப் பையன்தான். வேறு வகுப்பு. அவன் சட்டையில் தோளில் ஒரு கிழிசல் இருந்தது. நாம் அணிந்திருந்ததோ புதுச்சட்டை. அவனும் அதே பிள்ளையாரிடம்தான் வேண்டிக்கொண்டிருப்பான் என்பது அப்பொழுதுதான் நம் புத்தியில் உறைத்தது.

திரும்பி வரும் வழியில் தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இராமன் காட்டுக்குப் போனான். பரதன் பதினான்கு வருஷம் இராச்சியத்தைப் பார்த்துக்கொண்டான். சிம்மாசனத்தில் உட்கார்ந்தானா?" என்று கேட்டார். "இல்லை, பாதுகையை வைத்தான்" என்றோம். "அண்ணன் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டானா?" என்றார். நாம் பதில் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழிந்து அந்தத் தறிக்காரர் வேலைக்கு வந்தார். அன்று காலை எட்டு மணிக்குத் தெருமுனையில் செருப்போசை கேட்டது. தாயார் ஒரு பிடி அரிசியைத் திரும்ப எடுத்தார். தந்தையார் முகத்தில் வருத்தம் இருந்ததா, மகிழ்ச்சி இருந்ததா என்று இன்றும் நம்மால் சொல்ல இயலவில்லை.

அவர் பதினோர் ஆண்டுகள் பதிலியாகவே இருந்தார். ஓராண்டு நிறைவதற்கு முன்னர் எப்படியோ ஓர் இடைவெளி வந்துவிடும். பின்னர் நிரந்தரமாயிற்று. ஓய்வு பெற்ற நாளில் கணக்குப் பார்த்தபோது, அந்தப் பதினோர் ஆண்டுகள் ஏட்டில் இல்லை. அவர் நெய்த துணியை யார் யாரோ உடுத்திக் கிழித்திருப்பார்கள். நெய்தவர் பெயராக ஆலையின் பதிவேட்டில் இருந்தது வேறொருவர் பெயர். தந்தையார் அதைப் பற்றிக் குறைகூறி நாம் கேட்டதில்லை. நமக்குத்தான் அது இன்றும் ஆறவில்லை.

பதில் ஆளின் தலைவிதி எப்போதும் இப்படித்தான் என்று நாம் கூறவில்லை. மட்டைப்பந்து ஆட்டத்தைப் பாருங்கள். நெடுங்காலமாகப் பன்னிரண்டாம் ஆட்டக்காரர் களத்தில் ஓடிப் பந்தைப் பிடிக்கலாம், தண்ணீர் கொண்டுபோகலாம், பந்து வீசவும் மட்டை பிடிக்கவும் கூடாது. 2019ஆம் ஆண்டில் விதி மாறிற்று. தலையில் அடிபட்டு ஒருவர் விலகினால், அவருக்குப் பதிலாக வருபவர் முழு ஆட்டக்காரராகவே ஆடலாம். அவ்வாண்டு ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் விலக, டெஸ்ட் ஆட்ட வரலாற்றின் முதல் அத்தகைய பதில் ஆளாக மார்னஸ் லபுஷேன் இறங்கி 59 ஓட்டம் எடுத்தார். அதன்பின் அவர் அணியில் தமக்கென்றே ஓர் இடம் பெற்றார். ஸ்மித்தும் திரும்பி வந்தார். ஒருவர் இடத்தை மற்றவர் பறிக்கவில்லை. பதில் ஆளுக்கு மட்டையைக் கையில் கொடுக்க விதி இசைந்தது, அவ்வளவே.

அண்டை வீட்டுப் பெண் மறுவாரம் வந்தாள். நாம் அவளிடம், "பதில் பணி என்று சொல்லலாம். இலங்கைத் தமிழர் சொல்வது. ஆனால் பாட்டிக்கு அதுவும் விளங்காது. இலத்தீன்காரன் சொன்னதைத் தமிழில் சொல்லிப் பார். 'பிள்ளை பெறப் போன ஒரு பெண்ணின் இடத்தை, அவள் வரும்வரை காத்துக் கொடுக்கிறேன்' என்று சொல்" என்றோம். அன்றிரவே அவள் ஊருக்குப் பேசினாள். பாட்டி அவ்வளவும் கேட்டுவிட்டு, "அது புண்ணியமாச்சே" என்றாராம். சிறிது நேரம் கழித்து, "அவள் வந்த பிறகு உன் இடத்தை யார் காப்பார்கள்?" என்றும் கேட்டாராம்.

அந்தக் கேள்விக்கு நம்மிடம் சொல் இல்லை. அகராதியிலும் இல்லை. ஆனால் நமது சங்கத்தின் அன்பர்களுள் பலர் இன்று பெரிய அலுவலகங்களில் ஆட்களை அமர்த்தும் இடத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்பது சிறிய உதவி. பதில் ஆளாய் வந்தவர் காலம் முடிந்து போகும்போது, அவர் செய்த வேலை இன்னதென்று அவருடைய பெயராலேயே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். பதினோர் ஆண்டு ஏட்டில் இல்லாமற்போவது எப்படியிருக்கும் என்பதை ஒரு வீட்டில் நாம் பார்த்திருக்கிறோம்.

இல்லங்களில் இருப்பவருக்கும் இதில் பங்குண்டு. நம் வீட்டில் வேலை செய்யும் அம்மையார், ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் தருமபுரிப் பக்கத்துத் தம் ஊருக்குத் திருவிழாவுக்குச் செல்வார். தம் தங்கை மகளைப் பத்து நாள் அனுப்பி வைப்பார். ஏழெட்டு ஆண்டுகளாக இது நடக்கிறது. அக்காளுக்குச் சம்பளத்தைப் பிடித்து, அதைத் தங்கை மகளுக்குக் கொடுப்பது நம் வழக்கமாயிருந்தது. 'அந்தப் பெண் வந்தாளா?' என்றுதான் வீட்டில் பேசிக்கொள்வோம். சென்ற ஆடியில் அவள் வந்தபோதும் அப்படித்தான்.

இம்முறை, இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த நாளில், அம்மையாருக்குக் காய்ச்சல் என்று அவளே வந்தாள். இருவருக்கும் முழுக்கூலி என்று நாம் முடிவு செய்தோம். விடுமுறை ஒருவருக்கு, உழைப்பு ஒருவருக்கு. பிறகு அவளிடம், "உன் பெயர் என்னம்மா?" என்று கேட்டோம். அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு நம்மை ஏறிட்டுப் பார்த்தாள். பெயரைச் சொன்னாள். மிகவும் அழகான பெயர். இத்தனை ஆண்டுகளாக நாம் அதைக் கேட்காமல் இருந்திருக்கிறோம்.